மண்டையோட்டு முகமுடைய காவல்காரி: ‘ஜங்கிள் காமிக்ஸ்’ இதழில் காடு யாருடையது?

1. கேள்வி

1940 பிப்ரவரி மாதத் தேதியிட்ட ‘ஜங்கிள் காமிக்ஸ்’ இரண்டாம் இதழில் ஃபாண்டோமா என்றொரு பாத்திரம் அறிமுகமானது. ‘காட்டின் மர்மப் பெண்’ என்பது அவளுக்கு இடப்பட்ட அடைமொழி. பொன்னிறக் கூந்தலும் அந்தக் கால ஹாலிவுட் நடிகையின் முகவெட்டும் கொண்டவள். காட்டைச் சூறையாட வருபவர்கள்மீது சினம் மூளும்போது உருமாறுவாள். கூந்தல் அதே பொன்னிறத்தில் அலையலையாய்ப் பறந்துகொண்டிருக்க, முகம் மட்டும் நீலம் பாய்ந்த மண்டையோடாகிவிடும். அந்த முகத்தோடு வானத்தில் மிதந்தபடி தண்டனையை அறிவிப்பாள். தண்டனையை நிறைவேற்றுவதும் அவளே.

வொண்டர் உமன் அச்சில் தோன்றியது 1941-இன் கடைசியில், ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ எட்டாம் இதழில். ஃபாண்டோமா அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மூத்தவள். ஆகவே அமானுஷ்ய ஆற்றல் கொண்ட முதல் பெண் சூப்பர் ஹீரோ இவளே என்று காமிக்ஸ் வரலாற்றாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவளைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி இந்த ‘முதல்’ பட்டத்தைச் சுற்றியே நிற்கிறது. இக்கட்டுரை கேட்பது வேறு. இவள் காட்டை யாரிடமிருந்து காக்கிறாள் என்பது கதையிலேயே தெளிவாக இருக்கிறது. யாருக்காகக் காக்கிறாள்? அந்தக் காட்டில் வாழும் மனிதர்களுக்கு அவள் கதையில் என்ன இடம்?

ஃபாண்டோமாவைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு இதற்கு விடை தேட முடியாது. அவள் ஒரு தொகுப்பிதழில் பிறந்தவள். முன்னும் பின்னும் வேறு காட்டு நாயகர்களின் கதைகள் இருக்க, நடுவில் சில பக்கங்கள் அவளுடையவை. அந்தப் பக்கத்துக் கதைகளோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அவள் எங்கே வேறுபடுகிறாள், எங்கே வேறுபடவே இல்லை என்பது பிடிபடுகிறது.

2. இதழும் அதன் பட்டறையும்

‘ஜங்கிள் காமிக்ஸ்’ நியூயார்க்கின் ஃபிக்‌ஷன் ஹவுஸ் நிறுவனத்தின் வெளியீடு. மலிவுக் காகிதத்தில் சாகசக் கதைகளை அச்சிட்டு விற்ற ‘பல்ப்’ பத்திரிகைகள்தான் 1920-களிலிருந்து அந்நிறுவனத்தின் தொழில். அமெரிக்காவில் காமிக்ஸ் இதழ்கள் பரவத் தொடங்கியதும் அதிலும் இறங்கியது. 1938 செப்டம்பரில் வந்த ‘ஜம்போ காமிக்ஸ்’ அதன் முதல் முயற்சி. காட்டு ராணி ஷீனாவை அமெரிக்க வாசகர்கள் அதில்தான் முதன்முதலாகக் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ‘வாக்ஸ்’ என்ற வார இதழ் வழியாக அவள் பிரிட்டன் வாசகர்களுக்கு அறிமுகமாகியிருந்தாள். 1942-இல் ஷீனாவின் பெயரிலேயே தனி இதழும் வந்தது. ஷீனா விற்றாள், ஆகவே காடு விற்கும் என்று நிறுவனம் கண்டுகொண்டது. 1940 ஜனவரியில் முழுக்க முழுக்கக் காட்டுக் கதைகளுக்கென்றே ‘ஜங்கிள் காமிக்ஸ்’ தொடங்கப்பட்டது. 1954 கோடைவரை 163 இதழ்கள் வந்தன.

விலை 10 சென்ட். நான்கு வண்ணப் புள்ளி அச்சு. ஓரம் பழுப்பேறும் செய்தித்தாள் காகிதம். இதழுக்கான பக்கங்களைத் தொடக்கத்தில் பெருமளவு தயாரித்துக் கொடுத்தது வில் ஐஸ்னரும் ஜெர்ரி ஐகரும் சேர்ந்து நடத்திய ஓவியக்கூடம். தையற்கடையில் கை வேறு, கழுத்து வேறு என்று ஆளுக்கொன்றாகத் தைப்பதுபோல ஒருவர் கதை சொல்ல, ஒருவர் பென்சிலில் வரைய, இன்னொருவர் மை ஏற்ற, வேறொருவர் எழுத்துகளை எழுதுவார். பெயர்கள் பெரும்பாலும் புனைபெயர்கள். எந்தப் பக்கம் யாருடையது என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் கோட்டின் போக்கை வைத்தே அடையாளம் காண வேண்டியிருந்தது.

கற்பனைச் சரக்கும் புதிதன்று. ரைடர் ஹாகார்டின் ‘ஷீ’ நாவல் 1887-இலேயே ஆப்பிரிக்க உள்நாட்டில் மறைந்து வாழும் சாவற்ற வெள்ளை ராணியைப் படைத்துவிட்டது. கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ 1894-இல் வந்தது. எட்கர் ரைஸ் பரோஸின் டார்ஜான் 1912-இல் பத்திரிகையில் வந்து, 1929-இல் நாளிதழ்ச் சித்திரத் தொடரானான். தமிழ் வாசகர்கள் வேதாளர் என்றும் மாயாவி என்றும் அறிந்த லீ ஃபாக்கின் ‘ஃபாண்டம்’ 1936 பிப்ரவரியில் தொடங்கியது. முகமூடி, இறுக்கமான உடை, காட்டுக்குள் மண்டையோட்டுக் குகை, தலைமுறை தலைமுறையாக ‘சாவில்லாதவன்’ என்ற நம்பிக்கை எல்லாம் அங்கே முன்பே தயாராக இருந்தன. ஃபாண்டோமா என்ற பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

3. ஹேங்க்ஸின் பக்கங்கள்

ஃபாண்டோமாவைப் படைத்தவர் ஃப்ளெட்சர் ஹேங்க்ஸ். ‘பார்க்ளே ஃபிளாக்’ என்ற பெயரில் அவளை வரைந்தார். 1889-இல் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்து மேரிலாண்டில் வளர்ந்தவர். தந்தை மெதடிஸ்ட் பாதிரியார். அஞ்சல்வழிப் பாடத்தில் கேலிச்சித்திரம் கற்றவர். ஓவியக்கூடத்தில் இருபதை ஒட்டிய இளைஞர்கள் நிறைந்திருக்க, இவர் ஐம்பதைத் தொட்டிருந்தார். வேலையைப் பகிரும் முறைக்கும் இவர் வரவில்லை. கதை, ஓவியம், மை, எழுத்து எல்லாம் இவர் கையாலேயே. 1939 முதல் 1941 வரை ஏறத்தாழ 50 கதைகள். பிறகு காமிக்ஸ் உலகிலிருந்தே காணாமற்போனார்.

இவரது பக்கத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. உடற்கூறு தெரிந்த ஓவியரின் கோடு இல்லை. தோள்கள் மிகப் பெரியவை, தலைகள் மிகச் சிறியவை. வில்லன்களின் முகங்கள் களிமண்ணைப் பிசைந்ததுபோல் கோணியிருக்கும். பின்னணி அப்பட்டமான ஒற்றை வண்ணம். ஒரே நிலையில் மிதக்கும் உடல்கள் கட்டத்துக்குக் கட்டம் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அந்த விறைப்பிலேயே கனவின் அச்சம் ஒன்று இருக்கிறது. குற்றம் நடப்பதை ஃபாண்டோமா எங்கிருந்தோ அறிந்துகொள்கிறாள். எச்சரிக்கிறாள். குற்றவாளி கேட்பதில்லை. முகம் மண்டையோடாகிறது. பிறகு தண்டனை. பல கதைகளில் குற்றத்தைத் தடுப்பதைவிடத் தண்டிப்பதற்கே பக்கங்கள் கூடுதலாகச் செலவாகின்றன. ராட்சத கொரில்லாக்களைப் படையாக்கும் விஞ்ஞானி, பேருருவச் சிலந்திகளை ஏவுபவன், புலிப்பெண்கள் என்று எதிரிகள் மாறினாலும் கதையின் கட்டுமானம் மாறுவதில்லை. குற்றவாளி, தான் ஏவிய கொடுமையைத் தன் உடம்பிலேயே அனுபவிக்க வேண்டும். அதுவே ஹேங்க்ஸின் நீதி.

அவள் யார், எங்கிருந்து வந்தாள், ஆற்றல் எப்படிக் கிடைத்தது என்பதை ஹேங்க்ஸ் சொல்லவே இல்லை. அவளுக்குக் காதலன் இல்லை. துணைக்கு ஆள் இல்லை. வளர்ப்பு விலங்குகூட இல்லை. மற்றக் காட்டு ராணிகளின் உடல் வாசகனின் கண்ணுக்கு விருந்தாக வரையப்பட்ட காலத்தில், கதையின் உச்சத்தில் இவள் அழகைக் கழற்றி வைத்துவிடுகிறாள். ஷீனாவின் வழிவந்த வேறெந்தப் பாத்திரத்திலும் நான் காணாத துணிவு இது.

மண்டையோடும் விரிகூந்தலும் சினமும் சேர்ந்த பெண்ணுருவைக் கண்டதும் தமிழ் வாசகருக்குக் காளியோ, எல்லைக் காவல்தெய்வமோ நினைவுக்கு வருவது இயல்பு. அந்த நினைவை ஆதாரமாக்கிவிடக் கூடாது. ஹேங்க்ஸ் இந்தியத் தெய்வங்களை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று இல்லை. அவருக்கு மிக அருகிலிருந்தது பாதிரியார் வீட்டில் கேட்ட பழைய ஏற்பாட்டின் சினம்கொண்ட கடவுள் என்று கருதுவது கூடுதல் பொருத்தம்.

4. இதுவரை வந்த வாசிப்புகள்

ஹேங்க்ஸ் முப்பது நாற்பது ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தார். 1980-களில் ‘ரா’ இதழ் அவரது ‘ஸ்டார்டஸ்ட்’ கதை ஒன்றை மறுபதிப்பிட்ட பிறகு ஓவியர்களிடையே பெயர் பரவியது. 2007-லும் 2009-லும் பால் கராசிக் அவர் கதைகளை இரண்டு தொகுப்புகளாக ஃபாண்டாகிராஃபிக்ஸ் வழியே கொண்டுவந்தார். முதல் தொகுப்புக்கு ஐஸ்னர் விருது கிடைத்தது. 2016-இல் எல்லாக் கதைகளும் ஒரே நூலாயின.

கராசிக்கின் உழைப்பு பெரிது. ஹேங்க்ஸின் மகனைத் தேடிப் போய்ச் சந்தித்து, அந்தச் சந்திப்பையே ஒரு சித்திரக்கதையாக முதல் தொகுப்பின் பின்னிணைப்பில் வரைந்தார். குடித்துவிட்டு மனைவியையும் பிள்ளைகளையும் அடித்தவர், 1930-இல் குடும்பத்தைக் கைவிட்டுப் போனவர், 1976 குளிர்காலத்தில் நியூயார்க் பூங்கா பெஞ்சில் உறைந்து இறந்து கிடந்தவர் என்ற ஹேங்க்ஸின் சித்திரம் இப்படித்தான் வெளிவந்தது. அதன் பிறகு ஃபாண்டோமாவின் தண்டனைகளை அவரது சொந்த வன்முறையின் எதிரொலியாகப் படிப்பது வழக்கமாகிவிட்டது. இந்த வாசிப்பு கதையின் சினம் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்குகிறது. அந்தச் சினம் ஏன் ஒரு காட்டில், ஒரு வெள்ளைப் பெண்ணின் உருவில் இறங்கியது என்பதை விளக்கவில்லை.

இரண்டாவது, பெண் பாத்திரங்களின் வரலாற்றை மீட்டெடுக்கும் வாசிப்பு. ‘முதல்’ என்ற பட்டம் இங்கேதான் எடைபோடப்படுகிறது. ஷீனா முந்தியவள், ஆனால் அமானுஷ்ய ஆற்றல் இல்லாதவள். 1940 மார்ச்சில் ‘திரில்லிங் காமிக்ஸ்’ இதழில் வந்த ‘தி உமன் இன் ரெட்’ முகமூடி அணிந்த போலீஸ்காரி. அவளுக்கும் ஆற்றல் இல்லை. டார்ப்பே மில்ஸ் என்ற பெண் ஓவியர் படைத்த ‘மிஸ் ஃப்யூரி’ 1941 ஏப்ரலில்தான் வருகிறாள். எனவே ஆற்றல் என்பதையே அளவுகோலாகக் கொண்டால் ஃபாண்டோமாவின் உரிமை வலுவானது. முகமூடி, உடை, இரட்டை வாழ்க்கை ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டால் அவள் தேறமாட்டாள். அளவுகோலை மாற்றினால் விடை மாறும் கேள்வி இது. இதற்கு மேல் இதில் காலம் செலவிடுவதில் பயனில்லை.

மூன்றாவது வாசிப்பு ஃபாண்டோமாவைப் பற்றி எழுதப்பட்டதே அன்று. ஆயினும் எல்லாவற்றிலும் இன்றியமையாதது. மார்ட்டினிக் தீவில் பிறந்த ஃப்ரான்ஸ் ஃபனான் 1952-இல் எழுதிய ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ நூலில் டார்ஜான் கதைகளையும் சிறுவர் சித்திர இதழ்களையும் எடுத்துக்கொள்கிறார். அவற்றில் பேயும் கொடியவனும் காட்டுமிராண்டியும் கறுப்பினத்தவராகவோ செவ்விந்தியராகவோ வருகிறார்கள். வாசகன் எப்போதும் வெல்பவனோடு சேர்ந்துகொள்வதால், கறுப்பினச் சிறுவனும் வெள்ளை வீரனாகத் தன்னைக் கற்பனை செய்து, தன் இனத்தவருக்கு எதிராக நிற்கிறான் என்பது ஃபனானின் வாதம். ஒரு காட்டுக் கதையைப் படிக்கும்போது நாம் யார் தோளில் ஏறி உட்கார்ந்து அதைப் பார்க்கிறோம் என்று கேட்கக் கற்றுக்கொடுத்த வாதம் அது. தமிழ்ச் சிறுவர்களாக வேதாளர் கதைகளைப் படித்த நம்மில் எத்தனை பேர் குள்ளர்களான பந்தர் இனத்தவரின் இடத்தில் நின்று அவற்றைப் படித்தோம்?

5. பக்கத்துக் கதைகளோடு சேர்த்து

மறுபதிப்புத் தொகுப்புகள் ஹேங்க்ஸை அவரது இதழிலிருந்து வெட்டி எடுத்துவிட்டன. ஒரே ஓவியரின் கதைகளை வரிசையாகப் படிக்கும்போது அவர் தனித்த மேதையாகத் தெரிகிறார். 1940-இல் 10 சென்ட் கொடுத்து வாங்கிய சிறுவன் அப்படிப் படிக்கவில்லை. அவன் கையில் இருந்த இதழைப் புரட்டுவோம்.

முதலில் காங்கா. பெற்றோரை இழந்து காட்டில் வளர்ந்து ‘காட்டின் தலைவன்’ ஆன வெள்ளையன். ஆன் என்ற வெள்ளைப் பெண்ணைக் காப்பாற்றுகிறான். அவளும் அங்கேயே தங்கிவிடுகிறாள். டார்ஜானின் நகல் என்பதை மறைக்க இதழ் முயலவே இல்லை. 1949 முதல் தனி இதழாகவும் வந்து ஓடினான். அடுத்து வாம்பி. தலைப்பாகை கட்டிய, மாநிறச் சிறுவன், விலங்குகளோடு பேசுவான், கூடவே ஒரு யானை. அவன் இருப்பது இந்தியாவா ஆப்பிரிக்காவா என்பதில் இதழுக்கு அக்கறை இல்லை. கிப்ளிங்கிடமிருந்து யானைக்காரச் சிறுவனையும் டார்ஜானிடமிருந்து காட்டையும் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். காமில்லா தொடக்கத்தில் மறைந்த பேரரசின் சாவற்ற ராணி, ஹாகார்டின் ‘ஷீ’யை அப்படியே ஒத்தவள், பிறகு வரிக்குதிரைத் தோலாடை அணிந்த இன்னொரு ஷீனாவாக மாற்றப்பட்டாள். காங்கோவில் படை நடத்தும் டெர்ரி தண்டர் என்ற கேப்டனும் உண்டு; காலனி ராணுவம் அவன் கதையில் அமைதிக் காவலாக வருகிறது.

மந்திரவாதி டாபு இவர்களில் முக்கியமானவன். இவனும் ஹேங்க்ஸின் படைப்பே. முதல் இதழிலேயே வந்தவன். காட்டு மந்திரவாதி ஒருவர் வழங்கிய ஆறாம் புலனால் இயற்கையை ஆள்பவன். இதைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். காட்டின் அறிவு காட்டு மனிதரிடம்தான் இருக்கிறது என்பதைக் கதை ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட அடுத்த கணமே அந்த அறிவை ஒரு வெள்ளையன் கையில் ஒப்படைத்துவிட்டு, கொடுத்தவரைக் கதையிலிருந்து அனுப்பிவிடுகிறது. பதினான்கு ஆண்டுகள் அந்த இதழ் ஓடிய பாதையின் சுருக்கம் இந்த ஒப்படைப்பில் இருக்கிறது.

நிறுவனத்தின் மற்றோர் இதழான ‘ஃபைட் காமிக்ஸ்’ 1944-இல் அறிமுகப்படுத்திய ‘டைகர் கேர்ள்’ இந்தக் கற்பனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று. இந்திய ராஜாவுக்கும் அயர்லாந்துப் பெண்ணுக்கும் பிறந்த இளவரசி, புலித்தோலாடை, பெயர் விஷ்ணு! யாரும் யாரையும் கேட்டு எழுதவில்லை. இந்தியாவும் ஆப்பிரிக்காவும் எகிப்தும் ஒரே பெட்டிக்குள் கிடந்த வேடப் பொருள்கள். கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள்.

இந்த வரிசைக்கு நடுவில் ஃபாண்டோமாவை வைத்தால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. மற்றவர்கள் காட்டை ஆள்கிறார்கள். ‘தலைவன்’, ‘ராணி’, ‘மன்னன்’ என்ற பட்டங்கள் அவர்களுக்கு வேண்டும். ஃபாண்டோமாவுக்கு அரியணை இல்லை. யாரும் அவளை வணங்க வேண்டும் என்று அவள் கேட்பதும் இல்லை. அவளிடம் தண்டனை பெறுபவர்களில் காட்டின் செல்வத்தையும் உயிர்களையும் தேடி வெளியிலிருந்து வந்த பேராசைக்காரர்களும் விஞ்ஞானிகளும் நிறைய. அந்த அளவில் அவள் கதை மற்றக் கதைகளுக்கு எதிர்த்திசையில் போகிறது. நாகரிகத்தின் பெயரால் நுழைபவர்களே குற்றவாளிகள் என்று சொல்கிறது.

ஆனால் இரண்டாவது விஷயம் அதைவிடக் கனமானது. காட்டு மனிதர்கள் அவள் கதைகளிலும் ஓடுகிறார்கள், நசுங்குகிறார்கள், காப்பாற்றப்படுகிறார்கள். பெயர் சொல்லி நினைவில் நிற்கும் ஒருவர் இல்லை. யானையையும் சிங்கத்தையும் காப்பதுபோலவே அவர்களையும் அவள் காக்கிறாள். தண்டனை பெறும் வெள்ளை வில்லனுக்குக்கூட ஒரு பெயரும் ஒரு திட்டமும் கடைசிப் பேச்சும் கிடைக்கின்றன; காப்பாற்றப்படும் கறுப்பு மனிதருக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. ஹேங்க்ஸின் கற்பனை இதழின் பாலுணர்வு வழக்கத்தை உடைத்தது. ஆட்சி மோகத்தை உடைத்தது. நிற வழக்கத்தை அது தொடவே இல்லை.

இந்த உடைப்புகளும் நிலைக்கவில்லை. 1941 மார்ச்சில் வந்த 15-ஆம் இதழோடு ஹேங்க்ஸ் விலகினார். பாத்திரம் வேறு கைகளுக்குப் போனது. மண்டையோடு மறைந்தது. கொஞ்ச காலத்தில் ஃபாண்டோமா, ஃபரோக்களின் வழிவந்த இளவரசியாகி, மறைந்த எகிப்திய நகரம் ஒன்றை ஆளத் தொடங்கினாள். வரலாறு இல்லாதவளுக்கு வம்சம் கொடுத்தார்கள். அரியணை இல்லாதவளுக்கு அரியணை கொடுத்தார்கள். முகத்தை நிரந்தரமாக அழகாக்கினார்கள். 1944 மார்ச்சில் 51-ஆம் இதழோடு அவள் கதை முடிந்தது. ஒரு தொகுப்பிதழின் வழக்கம் தன்னோடு ஒத்துப்போகாத பாத்திரத்தை எப்படித் தனக்கேற்ப வளைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

6. வரைந்த கைகள்

ஃபிக்‌ஷன் ஹவுஸில் வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே வார்ப்பில் வந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். போர்க்காலத்தில் ஆண் ஓவியர்கள் படைக்குப் போனபோது பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. காமிக்ஸ் வரலாற்றாளர் டிரினா ராபின்ஸ் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். நாஜிகள் பிடியிலிருந்த வியன்னாவிலிருந்து தப்பி வந்த யூதப் பெண் லில்லி ரெனே அங்கே வரைந்தார். மார்சியா ஸ்னைடர் காமில்லாவை வரைந்தார். ஐகர் ஓவியக்கூடத்தில் ரூத் ரோச் ஷீனா கதைகளை எழுதினார். பிறகு அதன் பங்குதாரரும் ஆனார்.

1944-இல் அதே கூடத்தில் சேர்ந்தவர் மாட் பேக்கர். அமெரிக்கக் காமிக்ஸ் உலகில் பெயர் பெற்ற முதல் கறுப்பின ஓவியர்களில் ஒருவர். அவரது தொடக்க வேலைகளில் ஒன்று ஷீனா. வெள்ளை ராணியின் முன்னால் பணிந்து நிற்கும் கறுப்பு மனிதர்களை வரைய வேண்டிய பக்கங்கள் ஒரு கறுப்பின இளைஞரின் மேசைக்கு வந்தன. அவர் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை ஊகித்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் 1945-இல் ‘க்ரௌன் காமிக்ஸ்’ இதழில் அவர் வரைந்த வூடா என்ற காட்டு வீரன் கறுப்பினத்தவன். உள்ளே கறுப்பாக இருந்தவனை அட்டையில் வெள்ளையாக்கி அச்சிட்டார்கள். கடையில் தொங்கும்போது கண்ணில் படுவது அட்டைதானே. எந்தத் தத்துவ நூலின் உதவியும் இல்லாமல் அந்தச் சந்தையின் விதியைக் கண்ணால் பார்க்க அந்த அட்டைகள் போதும்.

1947 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில் ஓரின் இவான்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் ‘ஆல் நீக்ரோ காமிக்ஸ்’ என்ற இதழை வெளியிட்டார். எழுதியவர்கள், வரைந்தவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். விலை 15 சென்ட். அதில் ‘லயன் மேன்’ என்றொரு காட்டு வீரன் வருகிறான். அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பு முடித்த கறுப்பின விஞ்ஞானி. ஐக்கிய நாடுகள் சபை அவனை ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, அனுப்புகிறது. அங்குள்ள மலை ஒன்றில் பெரும் யுரேனியப் படிவம். அதை அவன் காக்க வேண்டும். ஹிரோஷிமாவுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட கதை என்பதை மனத்தில் கொண்டால் இது எவ்வளவு கூர்மையான கற்பனை என்று தெரியும். யானைத் தந்தமும் வைரமும் போய், உலக வல்லரசுகள் உண்மையிலேயே தேடிக்கொண்டிருந்த கனிமம் கதைக்குள் வந்துவிட்டது. காடு பெயருள்ள இடமானது. இரண்டாம் இதழுக்குப் பக்கங்கள் தயாரான நிலையில் இவான்ஸுக்குக் காகிதம் விற்க யாரும் முன்வரவில்லை. இதழ் ஒன்றோடு நின்றது. அதே ஆண்டில் ‘ஜங்கிள் காமிக்ஸ்’ மாதந்தவறாமல் வந்துகொண்டிருந்தது.

7. வெர்தாமும் 1954-உம்

உளவியல் மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாமை காமிக்ஸ் ரசிகர்கள் மன்னிப்பதில்லை. 1954-இல் அவர் எழுதிய ‘சிறாரைக் கெடுத்தல்’ என்ற பொருள்படும் நூலும், அதே ஆண்டு செனட் துணைக்குழு முன் அவர் அளித்த சாட்சியமும் காமிக்ஸ் தணிக்கைக்கு வழிவகுத்தன. அவரது ஆதாரங்களை அவரே வசதிக்கேற்பத் திருத்தினார் என்பதும் பின்னாளில் அவரது ஆவணங்களைப் பார்த்தவர்களால் நிறுவப்பட்டது. அந்தக் குறைகள் உண்மை.

ஆனால் அந்த நூலில் காட்டுக் காமிக்ஸ் பற்றி அவர் சொன்ன ஒன்றைக் கண்டனத்தோடு சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டோம். மனிதர்களில் இரண்டு வகை உண்டு, உயரமான பொன்னிறக் கூந்தல்காரர்கள் ஒரு வகை, தாழ்ந்த ‘பூர்வகுடிகள்’ இன்னொரு வகை என்ற பாடத்தைக் குழந்தைகள் இவற்றிலிருந்து கற்கிறார்கள் என்று அவர் எழுதினார். எங்கோ உட்கார்ந்து எழுதியவர் அல்லர். 1946 முதல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில், கறுப்பின மக்களுக்காக லஃபார்க் மருத்துவமனையை நடத்தியவர். பள்ளிகளில் இனப்பிரிவினை குழந்தைகளின் மனத்தைப் பாதிக்கிறது என்ற அவரது சாட்சியம் பிரிவினைக்கு எதிரான வழக்கில் பயன்பட்டது. அவரது தீர்வு தவறு. இந்த ஒரு நோய்க்கணிப்பு சரி.

1954 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த காமிக்ஸ் விதித்தொகுப்பு நடமாடும் பிணங்களையும் ரத்தக் காட்டேரிகளையும் ஓநாய் மனிதர்களையும் தடை செய்தது. இனத்தையோ மதத்தையோ கேலி செய்யக் கூடாது என்ற வரியும் அதில் இருந்தது. ஆனால் அதைச் செயல்படுத்தியவர்கள் 1956-இல் இ.சி. நிறுவனத்தின் அறிவியல் கதை ஒன்றின் கடைசிக் கட்டத்தில் விண்வெளி வீரர் கறுப்பினத்தவராக இருப்பதற்கே மறுப்பு சொன்னார்கள். ஃபிக்‌ஷன் ஹவுஸ் இதற்குள் காமிக்ஸ் தொழிலை மூடிவிட்டது. ‘ஜங்கிள் காமிக்ஸ்’ கடைசி இதழ் 1954 கோடையில் வந்தது.

8. பெயர் கைமாறிய கதை

காட்டு வீரர்கள் அதோடு ஒழியவில்லை. மார்வெல் நிறுவனம் 1950-களில் தான் வெளியிட்ட வெள்ளைக் காட்டு வீரர்களின் கதைகளை 1972-இல் ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ என்ற பழைய பெயரிலேயே மறுபதிப்பிடத் தொடங்கியது. அப்போது அங்கே மெய்ப்புத் திருத்துபவராக இருந்த டான் மெக்ரிகர், 1970-களில் ஆப்பிரிக்காவில் வெள்ளைத் தலைவர்கள் கதையை இன்னும் அச்சிடுவதா என்று கேட்டார். கேட்டவருக்கே வேலை வந்து சேர்ந்தது. 1973-இல் ஆறாம் இதழ் முதல் அவர் ‘பிளாக் பாந்தர்’ தொடரை எழுதினார். 1966-இலேயே ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்துவிட்ட அந்த ஆப்பிரிக்க மன்னனுக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் தொடர் அது. பில்லி கிரஹாம் என்ற கறுப்பின ஓவியர் விரைவில் அதில் சேர்ந்தார். முதல் நெடுங்கதை பெரும்பாலும் அவனது கற்பனை நாடான வகாண்டாவுக்குள் நடந்தது. நாயகன், எதிரி, விவசாயி, குழந்தை என்று அநேகமாக எல்லோரும் பெயருள்ள ஆப்பிரிக்கர்கள். வெள்ளைக்காரர்கள் எங்கே என்று ஆசிரியர் குழுவிலிருந்தே கேள்வி வந்ததாக மெக்ரிகர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இதழ் 1976-இல் நிறுத்தப்பட்டது. 2018-இல் வந்த திரைப்படம் மெக்ரிகரின் கதையிலிருந்து எதிரியின் பெயரை எடுத்துக்கொண்டது.

ஆகவே என் முடிவு இது. ஃபாண்டோமா ‘முதல்’ பெண் சூப்பர் ஹீரோ என்ற உரிமையை ஒரு வரியில் ஒப்புக்கொண்டு நகரலாம். அவளைப் படிக்கத் தகுந்தவளாக்குவது அந்த மண்டையோடு. காட்டு ராணி என்ற அச்சுக்குள் அடங்க மறுத்த முகம் அது. ஹேங்க்ஸ் விலகிய பிறகு அதை அழித்துவிட்டார்கள். ஆனால் காடு யாருடையது என்ற கேள்வியில் ஹேங்க்ஸ் தன் பக்கத்து ஓவியர்களைவிட ஓர் அடிகூட முன்னே போகவில்லை. அந்த அடியை எடுத்து வைத்தவர் ஓரின் இவான்ஸ். காகிதம் கிடைக்காமல் நின்றவரும் அவரே. வரலாற்று நூல்களில் ஹேங்க்ஸுக்கு மூன்று தொகுப்புகளும் விருதும் கிடைத்துள்ள அளவுக்கு இவான்ஸுக்கு இடம் கிடைக்கவில்லை என்பது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

ஃபிக்‌ஷன் ஹவுஸின் பழைய இதழ்கள் பல இன்று பொதுவுடைமையாகி, முழு இதழாகவே படிக்கக் கிடைக்கின்றன. ஃபாண்டோமாவைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் அவளது பக்கங்களை மட்டும் தேடிப் புரட்டிவிட்டு மூட வேண்டாம். காங்காவையும் வாம்பியையும் டெர்ரி தண்டரையும் சேர்த்து, அட்டை முதல் அட்டை வரை ஒரே ஓர் இதழையாவது படித்துவிட்டு எழுதட்டும்.